மோலியின் இரண்டாம் நடை

2002-இல் வெளிவந்த ‘ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்’ படத்துக்கு இரண்டு தீர்ப்புகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. மூன்று சிறுமிகளின் மன உறுதி ஓர் அரசாங்கத்தையே தோற்கடித்த கதை என்று கொண்டாடுகிறது ஒரு தரப்பு. உண்மையைத் திரித்த பிரசாரம் என்கிறது இன்னொரு தரப்பு. இருவரும் பேசுவது ஒரே நடையைப் பற்றித்தான். 1931-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து தப்பிய மூன்று பழங்குடிச் சிறுமிகள், முயல் தடுப்பு வேலியை வழித்துணையாக வைத்து ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களில் இருவர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவளான மோலி அதே வழியை 1941-இல் மறுபடியும் நடந்தாள், கைக்குழந்தையோடு. படத்தையும் அதற்கு மூலமான நூலையும் அந்த இரண்டாம் நடையை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் பாராட்டு, வசை இரண்டுமே குறி தவறியவை என்பது தெரியும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பழங்குடிக் குழந்தைகளுக்கும், வெள்ளைத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த குழந்தைகளுக்கும், 16 வயது வரை சட்டப்படியான காப்பாளர் பெற்ற தாய் அல்ல, பெர்த் நகரில் உட்கார்ந்திருக்கும் தலைமைப் பாதுகாவலர் என்றது அந்தச் சட்டம். 1915 முதல் 1940 வரை பழங்குடியினர் துறையின் தலைமையில் இருந்தவர் ஏ.ஓ. நெவில். கலப்பினப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, வெள்ளையரோடு மணமுடித்து, சில தலைமுறைகளில் கறுப்பு நிறமே இல்லாமல் கரைத்துவிடலாம் என்பது அவருடைய கொள்கை. 1937-இல் கான்பெராவில் நடந்த அதிகாரிகள் மாநாட்டில் இதைப் பகிரங்கமாகவே வாதிட்டார். 1947-இல் இதற்காக ஒரு புத்தகமும் எழுதினார். பெர்த்துக்கு வடக்கே 135 கிலோமீட்டர் தொலைவில், மொகம்பருக்கு அருகே 1918-இல் தொடங்கப்பட்ட மூர் ரிவர் குடியிருப்பு, இந்தக் கொள்கை நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று.

வேலிக்கும் ஒரு கதை உண்டு. விக்டோரியாவில் 1859-இல் வேட்டைக்காக அவிழ்த்துவிடப்பட்ட முயல்கள் கண்டம் முழுக்கப் பெருகி மேற்கு நோக்கி வந்தன. அவற்றைத் தடுக்க 1901-இல் தொடங்கி 1907-இல் முடித்த முதலாம் எண் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். தெற்குக் கடற்கரையிலிருந்து வடமேற்குக் கடற்கரை வரை மேற்கு ஆஸ்திரேலியாவையே இரண்டாக அறுத்துக்கொண்டு போனது. முயல்கள் நிற்கவில்லை, வேலை முடிவதற்குள்ளேயே பல மேற்கே கடந்துவிட்டன. வேலியைப் பராமரிக்க ஆட்கள் வேண்டுமே, அவர்களுக்காகப் பாலைவன விளிம்பில் எழுந்த முகாம்தான் ஜிகலாங். மார்து என்ற பழங்குடி மக்கள் அங்கே வந்து தங்கினார்கள். வேலி ஆய்வாளராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கும் மார்துப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவள் மோலி. ஆகவே அவளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததும் வேலி, சட்டத்தின் கண்ணில் பட வைத்ததும் வேலி, வீட்டுக்கு வழி காட்டியதும் வேலி. இந்த மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பவர்தான் இந்தக் கதையைச் சரியாகச் சொல்ல முடியும்.

அப்படி வைத்திருந்தவர் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா, மோலியின் மூத்த மகள். மோலியோடு நடந்த சிறுமிகளில் ஒருத்தியான டெய்சி அவருக்குச் சித்தி முறை. சித்தியிடம் கேட்ட கதையையும், அரசு ஆவணக் காப்பகத்தில் கிடைத்த கடிதங்கள், தந்திகளையும் சேர்த்து 1996-இல் ‘ஃபாலோ த ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்’ என்ற நூலை எழுதினார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, கிறிஸ்டின் ஓல்சனின் திரைக்கதையில் ஃபிலிப் நாய்ஸ் அதைப் படமாக்கினார்.

படத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரூ போல்ட் போன்ற பத்தியாளர்கள் சுட்டிக்காட்டிய வேறுபாடுகளில் பல உண்மையானவை. படத்தில் சிறுமிகளைக் கூண்டு போன்ற பெட்டியில் அடைத்து ரயிலில் கொண்டுபோகிறார்கள். நூலின்படி அவர்கள் போர்ட் ஹெட்லண்டிலிருந்து ஃப்ரீமேண்டிலுக்குக் கப்பலில் போனார்கள். படத்தில் ஒரு மோப்பக்காரர், அதாவது தடம் பார்த்துப் பின்தொடரும் பழங்குடி ஊழியர், கடைசிவரை துரத்துகிறார். நூலில் அந்தத் துரத்தலுக்கு இவ்வளவு இடமில்லை. படத்தில் மூன்றாவது சிறுமியான கிரேஸி ரயில் நிலையத்தில் மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிபடுகிறாள். நூலில் அவள் தாய் விலூனாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தானாகவே பிரிந்து அங்கே போகிறாள், பிறகுதான் மாட்டிக்கொள்கிறாள்.

இவற்றில் ரயிலும் மோப்பக்காரரும் என்னை உறுத்தவில்லை. 94 நிமிடப் படத்துக்குத் துரத்தல் தேவைப்பட்டது. ‘பேட்ரியட் கேம்ஸ்’ போன்ற ஹாலிவுட் பரபரப்புப் படங்களை எடுத்துவிட்டு வந்த நாய்ஸுக்கு அது கைவந்த கலையும்கூட. என்னை உறுத்துவது கடத்தல் காட்சி. அது படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

திரையில் காவலர் ரிக்ஸின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கார் வழிமறிக்கிறது. ரிக்ஸ் ஒவ்வொருத்தியாகப் பிய்த்தெடுத்துக் காருக்குள் திணிக்கிறார். தாய் கண்ணாடியை அறைகிறாள். பாட்டி தரையில் விழுந்து கல்லால் தன் தலையில் அடித்துக்கொள்கிறாள். கண் கலங்காமல் பார்க்க முடியாத காட்சிதான். நூலில் அந்தக் காலை வேறு மாதிரி விடிகிறது. சாப்பிட்டு முடித்த நேரத்தில் ரிக்ஸ் வந்து நிற்கிறார். மூர் ரிவரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெண்களைக் கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொல்கிறார். வீட்டு மூத்தவர் புரிந்ததாகத் தலையசைக்கிறார். மற்றவர்கள் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஒப்பாரி வெடிக்கிறது. இறந்தவருக்கு அழுவதைப் போலத் தலையைக் கீறிக்கொண்டு அழுகிறார்கள்.

யாரும் ஓடவில்லை, யாரும் காரை அறையவில்லை. இதை வைத்துத்தான் ‘பறித்தார்கள் என்பது பொய், சம்மதத்தோடு அனுப்பினார்கள்’ என்று வாதிடத் துணிகிறார்கள் படத்தின் எதிரிகள். ஆனால் நூலைத் தொடக்கத்திலிருந்து படித்தவருக்கு அந்தத் தலையசைப்பின் பொருள் தெரியும். ஜிகலாங்குக்கு வருவதற்கு முன் இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் டோரிஸ் எழுதுவது வேறொன்றை. கடற்கரையில் முதல் கப்பல்கள் வந்தது, நுங்கர் என்ற பழங்குடி மக்கள் நிலம் இழந்தது, எதிர்த்தவர்கள் சுடப்பட்டதும் விலங்கிடப்பட்டதும், பிறகு பழங்குடி மரபுகளுக்கு மேல் வெள்ளையர் சட்டம் வந்து உட்கார்ந்தது. பல வாசகர்கள் அவசரமாகப் புரட்டிக் கடந்துவிடும் பக்கங்கள் அவை. அந்த நூறாண்டுத் தோல்வி முழுவதும் மூத்தவரின் தலையசைப்பில் இருக்கிறது. எதிர்க்கும் வழியெல்லாம் அடைபட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் கொடுக்கும் விதம் அது. திமிறி அழும் தாயை எந்த நாட்டுப் பார்வையாளரும் உடனே புரிந்துகொள்வார். தலை கவிழும் குடும்பத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். படம் முதல் வழியை எடுத்துக்கொண்டது. அதனால் கொடுமையைப் பெரிதாக்கிவிட்டது என்பது எதிரிகளின் புகார். எனக்குத் தோன்றுவது நேரெதிர்: கொடுமையைச் சிறிதாக்கிவிட்டது. காரில் வந்த ஒரு முரட்டுக் காவலரின் செயலாக அது சுருங்கிப்போனது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இன்னொன்று உண்டு. சிறுமிகளைப் பறித்தது இனக் கொள்கைக்காக அல்ல, அவர்களுடைய நன்மைக்காக என்பது. ஜிகலாங் முகாமில் கலப்பினச் சிறுமிகளை மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்கள், அந்தப் பெண்கள் வெள்ளையர்களோடு கட்டுப்பாடின்றித் திரிகிறார்கள் என்ற அறிக்கைகள் அதிகாரிகளுக்குப் போயின. அண்டைப் பண்ணையிலிருந்தும் ஒரு கடிதம் போயிற்று. இது கட்டுக்கதை அல்ல. டோரிஸே இதை மறைக்காமல் நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் குழந்தைகளுக்கு ஆபத்து இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்து யாரிடமிருந்து? பண்ணைகளிலும் வேலி முகாம்களிலும் இருந்த வெள்ளை ஆண்களிடமிருந்து. அந்த ஆண்களில் ஒருவரையாவது அப்புறப்படுத்த யாரும் உத்தரவிடவில்லை. வெள்ளைக் குழந்தை ஒன்றைப் பெற்றோரிடமிருந்து எடுக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் அதன் நிலையை நிரூபிக்க வேண்டியிருந்தது. மோலிக்கு விசாரணை இல்லை, தாயின் வாக்குமூலம் இல்லை. ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. அழைத்துக்கொண்டுபோய்ச் சேர்த்த இடமாவது நன்மை செய்வதாக இருந்ததா? ஜன்னல்களில் கம்பி, இரவில் கதவுக்குப் பூட்டு, தாய்மொழியில் பேசத் தடை. கட்டில்களில் விரிப்பு கிடையாது. முக்கியப் பிரமுகர்கள் பார்வையிட வரும் நாள்களில் மட்டும் விரிப்புகளை எடுத்துப் போடுவார்களாம். ஓடிப்போய்ப் பிடிபட்டவர்களுக்குத் தலைமயிர் வெட்டும் தனிச்சிறையும். இதை நன்மை என்று வாதிடுபவர் அந்த விரிப்புகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்த வாதம் என்னளவில் நிற்கவில்லை.

நெவிலைப் படம் கையாண்ட விதத்தில் நிறையும் உண்டு, குறையும் உண்டு. கென்னத் பிரானா அவரை அரக்கனாக நடிக்கவில்லை. மேசையில் கோப்புகள். செயலாளர் ஒவ்வொரு விண்ணப்பமாக வாசிக்கிறார். ஒரு பழங்குடிப் பெண் புதுச் செருப்பு வாங்க அனுமதி கேட்டிருக்கிறாள். போன வருடம்தானே ஒரு ஜோடி வாங்கினாள் என்கிறார் நெவில், குரலை உயர்த்தாமல். ஒரு மனுஷியின் காலில் கிடக்கும் செருப்பு வரை அரசின் பதிவேட்டில் இருந்தது என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடும் காட்சி அது. வெள்ளைச் சீமாட்டிகளுக்கு அவர் ஒளிப்படத் தகடு போட்டு, மூன்று தலைமுறைகளில் கறுப்பு மறைந்துபோவதை விளக்கும் காட்சியும் அப்படித்தான். தான் நல்லது செய்கிறோம் என்ற நிச்சயம் அந்த முகத்தில் இருக்கிறது, அதுதான் நடுங்க வைக்கிறது.

ஆனால் படம் எல்லாவற்றையும் இந்த ஒரு மனிதர்மேல் ஏற்றிவிடுகிறது. துரத்தல் கதைக்கு ஒரு முனையில் ஓடுபவர் வேண்டும், மறு முனையில் துரத்துபவர் வேண்டும். சிறுமிகள் மணலில் நடப்பதும், நெவில் வரைபடத்தில் ஊசி குத்துவதும் மாறி மாறி வருகின்றன. கடைசியில் அவர் தோற்று ஓய்வதாகக் காட்டும்போது நாமும் மூச்சு விடுகிறோம். நூலில் உள்ள கடிதங்களைப் படித்தால் இந்தத் தோல்வியின் நிறமே மாறிவிடுகிறது. தேடுதலைக் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் செலவு. மோலி தன் துறைக்கு அதிகம் செலவு வைத்த பெண், அவளால் பத்திரிகைகளில் வேண்டாத விளம்பரமும் ஆயிற்று என்ற தொனியில் பின்னாளில் ஒரு கடிதம் எழுதுகிறார் நெவில். சிறுமிகள் அவரை வெல்லவில்லை. கணக்குப் புத்தகம் அவர்களைத் தற்காலிகமாக மன்னித்தது, அவ்வளவுதான். தற்காலிகம் என்பதற்கு 1940 சாட்சி.

அதற்குள் போவதற்குமுன் நடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படத்தின் மெய்யான சாதனை அங்கேதான். வோங் கார்-வாய் படங்கள் வழியே தமிழ்த் திரைப்பட ஆர்வலர்கள் நன்கறிந்த ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாய்ல், இங்கே தன் வண்ணங்களையெல்லாம் வெளுத்துவிட்டு நிற்கிறார். நிலமும் வானமும் வெயிலில் ஒன்றாகித் தகிக்கின்றன. முன்பின் நடித்துப் பழகாத மூன்று சிறுமிகள். எவர்லின் சாம்பியின் மோலி படம் முழுக்க அதிகம் பேசுவதில்லை. மேகத்தைப் பார்த்து, மழை வரும், மழை வந்தால் தடம் அழியும் என்று அவள் கணக்குப் போடும் அந்தப் பார்வை ஒன்று போதும். டேவிட் குல்பிலில் நடித்த மோப்பக்காரரும் பேசுவதில்லை. அவருடைய மகளும் மூர் ரிவரில்தான் இருக்கிறாள். அவள் அங்கே இருக்கும்வரை அவராலும் போக முடியாது. தடம் தேடிக் குனியும்போது சிறுமியின் சாமர்த்தியத்தை நினைத்து அந்த முகத்தில் ஒரு கணம் பெருமிதம் தோன்றி மறைகிறது. பிடிக்க வந்தவனும் கைதிதான் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார். நூலில் இல்லாத செல்வம் இது.

வேலியை முதன்முதலாகக் கண்டதும் சிறுமிகள் கம்பியைப் பற்றிக்கொள்ள, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வடக்கே தாயும் பாட்டியும் அதே கம்பியைப் பற்றி நிற்கும் காட்சியை இசையமைப்பாளர் பீட்டர் கேப்ரியல் உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். மிகைதான், ஆனாலும் நான் அதை ஏற்கிறேன். முயலைத் தடுக்கப் போட்ட கம்பி தாயின் கைக்கும் மகளின் கைக்கும் நடுவே ஓடுவது இந்த வரலாற்றிலிருந்தே எழும் காட்சி, வெளியிலிருந்து ஒட்டவைத்ததல்ல.

நூலில் நடை இவ்வளவு அழகாக இல்லை. உரையாடல்கள் சில இடங்களில் மரக்கட்டையாக நிற்கின்றன. சொல்பவர் ஒரு பத்தியில் கதாசிரியராகவும் அடுத்ததில் வரலாற்று ஆசிரியராகவும் குரல் மாறுகிறார். இதை மறைத்துப் பாராட்டுவது டோரிஸுக்கு மரியாதை ஆகாது. ஆனால் உடம்பு அங்கே நிஜமாக இருக்கிறது. முயல் வளையைத் தோண்டிப் பெரிதாக்கி மூவரும் ஒடுங்கித் தூங்குகிறார்கள். முயலைக் கையால் பிடித்துச் சுட்டுத் தின்கிறார்கள். முள் கீறிய கால்கள் புண்ணாகிச் சீழ் பிடிக்கின்றன, பெரியவர்கள் இருவரும் டெய்சியை மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் உறவினர்கள் எதிர்ப்பட்டுத் துணை வருகிறார்கள். படத்தில் இருவரும் தனியே பாலையில் மயங்கிவிழ, வானத்தில் கழுகு ஒன்று வட்டமிட, எழுந்து நடக்கிறார்கள். கழுகைவிட உறவினர்களே எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள்.

இன்னொரு விவரம். வழியில் பண்ணை வீடுகளில் வெள்ளைப் பெண்கள் அவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள், பழைய கோட்டுகளைக் கொடுக்கிறார்கள், வழிக்கு ரொட்டியும் இறைச்சியும் கட்டித் தருகிறார்கள். பிள்ளைகள் கண் மறைந்ததும் அவர்களில் ஒருத்தி மூர் ரிவர் கண்காணிப்பாளருக்குத் தகவல் சொல்லிவிடுகிறாள். காட்டில் கிடந்து சாகக் கூடாதே என்ற கரிசனத்தில்தான் சொல்கிறாள். சோறு போட்டதும் காட்டிக்கொடுத்ததும் ஒரே மனம்தான், ஒரே நல்லெண்ணம்தான். அந்தச் சட்டம் அத்தனை ஆண்டுகள் எப்படி நின்றது என்று கேட்பவருக்கு நெவிலின் மேசையைவிட இந்தச் சமையலறை அதிகம் சொல்லும். மூன்று பிள்ளைகள் நூற்றுக்கணக்கான மைல் நடந்து எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்ற கேள்வி அவளுக்கு எழுந்திருக்கும். தாயிடம் போவதே அவர்களுக்கு நல்லது என்ற பதில் மட்டும் எட்டவில்லை.

இப்போது இரண்டாம் நடைக்கு வருகிறேன். ஜிகலாங் திரும்பிய மோலி வளர்ந்து, மணம் முடித்து, டோரிஸ், அனபெல் என்று இரண்டு பெண்களுக்குத் தாயானாள். 1940-இல் குடல்வால் நோய்க்காக அவளைப் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சை முடிந்ததும் ஊருக்கு அனுப்பவில்லை. இரண்டு குழந்தைகளோடு அவளையும் மூர் ரிவருக்கே அனுப்பினார்கள். 1941 தொடக்கத்தில் அவள் மறுபடியும் கிளம்பினாள். ஒன்றரை வயது அனபெல்லைத் தூக்கிக்கொண்டாள். நான்கு வயதை எட்டாத டோரிஸை விட்டுவிட்டுப் போனாள். இரண்டு பேரைச் சுமந்து அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பல மாதம் நடந்து ஜிகலாங் சேர்ந்தாள். சில ஆண்டுகளில் அனபெல்லையும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2004-இல் தான் இறக்கும்வரை மோலி அந்தக் குழந்தையை மறுபடி பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்த டோரிஸைப் பார்த்தது 1962-இல், 21 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை டோரிஸ், தன்னைத் தாய் கைவிட்டுவிட்டாள் என்று நம்பியே வளர்ந்தார்.

தப்பித்தல் கதை என்ற வடிவத்தால் இதைத் தாங்க முடியுமா? அந்த வடிவத்துக்குச் சிறை என்றால் ஓர் இடம். சுவர் உண்டு, காவல் உண்டு, தாண்டினால் விடுதலை. வீட்டு வாசலை மிதித்ததும் கதை முடிந்துவிடும். மோலியின் சிறையோ இடமே அல்ல, அவள் பிறப்பின்மேல் எழுதிய சட்டம். ஜிகலாங்கில் தாயின் மடியில் தூங்கும்போதும் அவள் அந்தச் சட்டத்துக்குள்ளேதான் தூங்கினாள். முதல் நடையில் இது மறைந்துகொள்ள முடிந்தது, ஏனென்றால் அவள் குழந்தை, அவளுக்காகத் தாய் காத்திருந்தாள். இரண்டாம் நடையில் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய தாய் அவளே. தப்பிப்பதற்கே ஒரு குழந்தையை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்த அந்த விடியலை எந்த இசையாலும் வெற்றியாக மாற்ற முடியாது.

படம் இதை அறியாமல் இல்லை. கடைசி நிமிடத்தில் நிஜ மோலியும் டெய்சியும், இரண்டு முதிய பெண்கள், தங்கள் நிலத்தில் நடந்து வருகிறார்கள். மோலியின் குரல் தன் மொழியில் இரண்டாம் சிறைப்பாட்டையும், அனபெல் பறிபோனதையும் சுருக்கமாகச் சொல்கிறது. நெவில் வந்து எடுத்துக்கொண்டார் என்கிறது அந்தக் குரல். உண்மையில் நெவில் 1940-இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். அனபெல்லை எடுத்துக்கொண்டு போனது அதற்குப் பிறகு. மோலியின் நினைவில் அந்த அலுவலகம் முழுவதற்கும் ஒரே பெயர்தான் இருந்திருக்கும், அதில் பிழை காண நமக்கு உரிமை இல்லை. ஆனால் படம் எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. ஆள் போனார், சட்டம் போகவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே கனமான உண்மை. 90 நிமிடங்கள் ஒரே வில்லனைக் கட்டியெழுப்பிய படத்தால் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று. பார்வையாளர் எழுந்து கிளம்பும் நேரத்தில், துணைக்குறிப்பாக, அது கடந்து போகிறது.

அப்படியானால் நூல் சொல்லிவிட்டதா? அதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். நூலும் 1931-இன் வருகையோடுதான் கதையை முடிக்கிறது. அதன்பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சிறு பகுதி. அங்கே டோரிஸ், மோலி தன் மகள் டோரிஸை விட்டுச் சென்றதை வேறு யாரோ ஒருவரின் தகவலைப் போலச் சில வரிகளில் எழுதிக் கடக்கிறார். நான் என்ற சொல் அங்கே வரவில்லை. கிரேஸி ஜிகலாங்குக்குத் திரும்பவே இல்லை என்பதையும் அதே நிதானத்தில் சொல்கிறார். இதை எழுத்தின் பலவீனம் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாயின் வீரத்தை நானூறு, ஐந்நூறு மைல் என்று ஒவ்வொரு கட்டமாக நடத்திச் சென்ற அதே கைதான், அந்தத் தாய் தன்னை விட்டுவிட்டு நடந்ததையும் எழுதுகிறது. குற்றம் சாட்டவில்லை, மன்னித்ததாக அறிவிக்கவும் இல்லை. முன்னுரையில் அவர் ஒன்று சொல்கிறார்: தாயும் சித்தியும் எழுத்தறிவு இல்லாதவர்கள், தேதியும் தூரமும் எண்களாக அவர்கள் நினைவில் இல்லை, பருவங்களை வைத்தே காலத்தைச் சொன்னார்கள், அதை நாளும் மைலுமாக மாற்றுவதே தன் பெரும்பாடு என்று. அந்த மாற்றத்தைச் செய்ய அவருக்குக் கல்வி கொடுத்தது மூர் ரிவரும் மிஷன் பள்ளியும். தன் மக்களை இழிவாக நினைக்கச் சொல்லித்தந்த எழுத்தைக்கொண்டே அவர்களிடம் திரும்பி நடந்தவர் அவர். இந்த நூலே மூன்றாவது நடை என்று சொன்னால் மிகையில்லை. தன் சொந்தக் கதையை அவர் முழுதாக எழுதியது 2002-இல், ‘அண்டர் த விண்டமாரா ட்ரீ’ என்ற நூலில். படத்தின் புகழில் அது மூழ்கிப்போனது.

படத்தின் பயனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1910 முதல் 1970 வரை ஆஸ்திரேலியா முழுவதும் பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை பழங்குடிக் குழந்தைகள் இப்படிப் பறிக்கப்பட்டார்கள் என்று 1997-இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை கணித்தது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டு மன்னிப்புக் கேட்க மறுத்தார். அவருக்குப் பின் பிரதமரான கெவின் ரட் 2008 பிப்ரவரி 13-இல் நாடாளுமன்றத்தில் கேட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும் பல்லாயிரம் பேருக்குத் ‘திருடப்பட்ட தலைமுறை’ என்று ஒன்று இருந்ததையே தெரிவித்தது இந்தப் படம்தான். அறிக்கையைப் படிக்காதவர்கள் மூன்று சிறுமிகளின் முகங்களைப் பார்த்தார்கள். அந்தப் பயன் சிறியதல்ல. அதற்காக ரயிலையும் காரையும் நான் மன்னித்துவிடுவேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. உண்மையைத் திரித்தது என்ற குற்றச்சாட்டில் படம் விடுதலை பெறுகிறது. மாற்றியவை பெரும்பாலும் வழித்தடமும் வாகனமும்தான், அநீதியின் அளவு அல்ல. தப்பித்தல் படங்களின் வரிசையில் மிகச் சிறந்த சிலவற்றுள் அதை வைக்கத் தயங்க மாட்டேன். ஆனால் தப்பித்தல் படமாக இருப்பதே அதன் எல்லை. 1931-இன் வாசலில் நின்றுவிட்டதால், மோலியின் வாழ்க்கை எதை நிரூபித்ததோ அதற்கு நேர்மாறானதைப் பார்வையாளரின் நெஞ்சில் பதித்துவிடுகிறது: உறுதி இருந்தால் சட்டத்தைத் தாண்டி நடந்துவிடலாம் என்று. நூல் கலையில் குறைந்தது, உண்மையில் மூத்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் நூலையே வைப்பேன், அதுவும் ‘அண்டர் த விண்டமாரா ட்ரீ’யோடு சேர்த்து. பள்ளி, கல்லூரிகளில் படத்தைத் திரையிடுபவர்கள் அந்தக் கடைசி நிமிடத்தில் விளக்கைப் போட்டுவிடாமல், மோலி பேசி முடித்த பிறகு 1941-ஐப் பற்றிப் பேசத் தொடங்கட்டும். படம் செய்யாமல் விட்ட வேலை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.